மாவும் மருந்தும்

— மறுபடியும் கேக்கறேன். உங்க தம்பி வேற ஏதாவது சாப்பிட்டாரா? நாட்டு மருந்து, சாராயம், யாராவது குடுத்த பொடி?

— டாக்டரம்மா, அவன் தலைவலிக்கே மாத்திரை போடாதவன். நீங்க குடுத்ததுதான். வேற ஒண்ணுமில்ல.

— நேத்து பேசினவர் இன்னைக்குக் கண்ணு திறக்கல. ஈரல் வேலை செய்யல. எதனாலன்னு தெரியாம நான் எதைக் குடுக்கறது?

— நல்லா இருக்கு. துணி தைக்கற என்கிட்ட கேட்டா எனக்கென்ன தெரியும்?

— நீங்க ரெண்டு பேரும் சேர்ந்திருக்கற இந்தப் புது மருந்து ஆராய்ச்சியில யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவுன்னு எங்களுக்கே தெரியாது. அவருக்காக நேத்து அந்த ரகசியப் பட்டியலைப் பிரிச்சுப் பார்த்தோம். அதுப்படி அவர் டப்பால மாவுதான்.

— மாவா? மாவு அப்படிக் கசக்குமா?

— அது அப்படியே முழுங்கற மாத்திரை. கசக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சும்மா, வாய் தவறி வந்துடுச்சு.

— உங்களை ஆராய்ச்சியிலேர்ந்து வெளிய அனுப்ப மாட்டேன். சொல்லுங்க.

— எங்கப்பாவுக்கும் இதே வியாதி. விரல் செயலிழக்கறதுல ஆரம்பிச்சுக் கழுத்து வரைக்கும் வந்து ஆளை முடிச்சுடுச்சு. என் கை கத்திரி பிடிச்சு வருஷமாச்சு. தம்பி இன்னும் தைக்கறான்.

— அதனால?

— ரெண்டு பேர் மாத்திரையையும் பிரிச்சு நாக்குல வச்சுப் பார்த்தேன். என்னுது கசந்துச்சு. அவனுது சப்புனு இருந்துச்சு. கசக்கறதுதானே மருந்து? டப்பால பேர் ஒட்டியிருக்கே, அதனால உள்ள இருந்த மாத்திரையை மட்டும் மாத்திக் கொட்டினேன். போன கைக்கு எதுக்கும்மா மருந்து?

— எல்லாத்தையுமா?

— மாசாமாசம்.

— சிஸ்டர், மேல வார்டுக்குப் போன் பண்ணுங்க. ஆராய்ச்சி மருந்துதான் காரணம். முறிவு மருந்தை உடனே ஏத்தச் சொல்லுங்க.

— முறிவா? அது விஷத்துக்குக் குடுக்கறதாச்சே.

— சிலருக்கு இந்த மருந்து ஈரலைத் தின்னுடுது. எங்களுக்கே இப்பதான் தெரிய வருது.

— நான் அதைத்தான் ஊட்டினேனா?

— உக்காருங்க. நேரம் இன்னும் இருக்கு.

— நேத்தே ஏத்தியிருந்தா?

— நல்லா இருந்திருக்கும்.

— அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கண்ணு முழிச்சா சொல்லிடாதீங்க.

— அவருக்குத் தெரியும். நேத்து அவர்கிட்டயும் கேட்டேன், மாத்திரை மாறியிருக்குமான்னு. இல்லவே இல்லன்னார். கொஞ்சம் கழிச்சு, 'மாறியிருந்தா எங்கண்ணனை ஆராய்ச்சியிலேர்ந்து நிறுத்திடுவீங்களா'ன்னு கேட்டார். நான் ஆமான்னுட்டேன்.