வெளி சுவிட்ச் பேச்சு

இல்ல வக்கீல் தம்பி, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. ஆமா, கரி வாடை இன்னும் போகல. பெயிண்ட் அடிச்சும் போகல. எனக்கு மூக்கு மரத்துப்போச்சு, வர்றவங்க சொன்னாத்தான் தெரியுது. கேக் எடுத்துக்குங்க. தினம் யாராவது ஒருத்தர் ஏதாவது சுட்டுக் கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க, ஃபிரிட்ஜுல இடமில்ல. நான் எங்க சாப்பிடுறேன்.

ம், எம் மகன் கேலம் எல்லாம் சொல்லியிருப்பான். அவன் சொல்லித்தான நீங்க மெல்போர்ன்லேருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க. வீட்டுல மாட்டியிருந்த மெஷின் கோளாறு பண்ணிருச்சு, அப்பாவ வெளியில வச்சு ஷட்டர மூடிருச்சு, மாட்டினவங்க மேல கேஸ் போடணும்னு. என் கையெழுத்தும் வேணும்னான். பேனா இருக்கு, அதுக்கொண்ணும் இல்ல. ஆனா கோளாறான்னு கேட்டா, அது எப்படி வேலை செய்யும்னு நான் முதல்ல சொல்லணும்ல.

அந்த டப்பா இருக்குல்ல, அடுப்பங்கரையில, அதான். அதுகிட்டதான் எல்லாமே. லைட்டு, ஹீட்டர், திரைச்சீலை, தண்ணி பம்பு, காட்டுத்தீ வந்தா மூடறதுக்குக் கதவு ஜன்னலுக்கெல்லாம் போட்ட இரும்பு ஷட்டரு. எங்க வீட்டுக்காரரு நெவிலுக்கு இந்த மாதிரி சாமான்னா பைத்தியம். ரிட்டயர் ஆனதும் அதத்தான் கட்டிக்கிட்டு அழுதாரு. நான் இங்க சோபாவுல உக்காந்து திரைச்சீலையத் திறன்னு சொல்லுவேன், அவரு ஷெட்டுல நின்னுக்கிட்டே போன்ல மூடுவாரு. கிரிக்கெட் பாக்கணுமாம், டிவியில வெளிச்சம் அடிக்குதாம். நான் திற, அவரு மூடு. அந்தச் சீலை பாவம், போறதும் வாறதுமா நாள் பூரா.

அப்புறம்தான் மாட்டின பொண்ண மறுபடி கூப்பிட்டோம். ரெனி. பேர்ன்ஸ்டேல் ஊர்க்காரி. நல்ல பொண்ணு, பூட்ஸக் கழட்டி வாசல்ல வச்சிட்டுத்தான் உள்ள வருவா. அவ சொன்னா, ரெண்டு உத்தரவு முட்டிக்கிட்டா எதக் கேக்கணும்னு நீங்கதான் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு. நேரம் வச்சுத் தானா நடக்கறது எல்லாத்துக்கும் கீழ. அதுக்கு மேல வாயால சொல்றது. அதுக்கும் மேல போனு. எல்லாத்துக்கும் மேல சுவத்து சுவிட்சு. ஏன்னு கேட்டேன். எந்திரிச்சு நடந்து வந்து ஒருத்தர் அமுக்குறாருன்னா அவருக்கு அது நெசமாவே வேணும்னு அர்த்தம்னு சொன்னா. சரிதானே? ரெண்டு பேரும் வாயால சொன்னா, கடைசியாச் சொன்னது நடக்கும். உடனே நெவிலு, அப்ப எந்நாளும் கிளெனிஸ் பேச்சுதான் நடக்கும், கடைசியாப் பேசறது எப்பவும் அவதானேன்னு என்னையச் சொன்னாரு. ரெனி சிரிச்சா பாருங்க.

சொல்றேன், ஷட்டருக்குத்தான் வர்றேன்.

தீ வர்ற நாளைக்கு இந்த வரிசையெல்லாம் செல்லாது, அதுக்குத் தனியா ஒண்ணு வைக்கணும்னா ரெனி. ஷட்டருக்கு ரெண்டு சுவிட்சு. அடுப்பங்கரைக் கதவுக்கு உள்பக்கம் ஒண்ணு, அதே கதவுக்கு வெளிப்பக்கம், பம்பு பக்கத்துல ஒண்ணு. ரெண்டும் முட்டுனா எது மேலன்னு கேட்டா. வெளியதுதான்னு நெவிலு பட்டுன்னு சொல்லிட்டாரு. நான் விடல. ஏன் மனுஷா, உள்ள இருக்கறவ பேச்சுக்கு மதிப்பில்லையான்னேன். எல்லாத்தையும் மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கறவளுக்கு என்னடி தெரியும், வெளிய நிக்கறவனுக்குத்தான் தீ எந்தப் பக்கம் வருதுன்னு தெரியும்னாரு. வெளிய நிக்கப்போறது நீங்கதானே, அதான் இப்படிப் பேசறீங்கன்னேன். பின்ன பம்ப யாரு பாக்கறது, நீயா கிழவின்னாரு. சரி, உங்க இஷ்டம்னு விட்டேன். அவ அப்படியே வச்சுக் குடுத்தா. நாங்க கேட்டதத்தான் தம்பி அவ செஞ்சா.

அவரு அடக்கத்துக்கு ரெனி வந்திருந்தா. கடைசி வரிசையில நின்னா, கிட்ட வரல. நானும் கூப்பிடல.

அன்னைக்கா? அன்னைக்கு எம் பேத்தி டில்லி இங்க இருந்தா. கேலமும் அவன் பொண்டாட்டியும் வேலைக்குப் போனா அவள இங்கதான் விட்டுட்டுப் போவாங்க. மத்தியானமே புகையில இருட்டிப்போச்சு. ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு, இனிமே கிளம்பாதீங்க, வீட்டுக்குள்ளயே இருங்கன்னு போன்ல சேதி வந்துச்சு. நெவிலு கம்பளிச் சட்டையும் கண்ணாடியும் மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. கூரைய நனைக்கணும். தீ வேலிய நெருங்கினா உள்ள வந்துருவேன், அப்ப கதவு ஷட்டர ஏத்து, நான் நுழைஞ்சதும் இறக்கிருன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் டில்லிய ஈரப் போர்வையில சுத்தி மேசைக்குக் கீழ வச்சேன். பாட்டி இது குளுருதுன்னுச்சு.

அந்தச் சத்தம்... ரயில் மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. எனக்கு ஒண்ணுமே தோணல. காத்து திரும்பிருச்சு, அவ்வளவுதான். வேலிக்கு வர வேண்டிய தீ நேரா வராண்டாவுக்கே வந்துருச்சு.

கதவுப் பக்கம் அவரு குரல் கேட்டுச்சு. சுவிட்ச அமுக்குனேன். ஷட்டரு மேல ஏறுச்சு. மெதுவாத்தான் ஏறும் அது. முழங்கால் உசரம் வந்திருக்கும், அவரு பூட்ஸு தெரிஞ்சுது. அதுக்குள்ள அடியில பூந்து தணல் தணலா உள்ள உருளுது. வாசல் கால்மிதி பத்திக்கிச்சு, காலாலயே மிதிச்சேன். டில்லி கத்துனா. அப்ப டப்பா பேசுச்சு, அதுக்கு ஒரு நல்ல பொம்பளக் குரல் உண்டு. வெளி சுவிட்ச் உத்தரவு, மூடுகிறேன்னுச்சு.

ஆமா தம்பி. வெளி சுவிட்சு. தானா மூடல, அவருதான் அமுக்குனாரு. உள்ள புள்ள கத்துறது அவருக்குக் கேட்டிருக்கும்.

நான் திரும்ப அமுக்குனேன். மறுபடி அமுக்குனேன். வெளி உத்தரவு நடப்பில் உள்ளதுன்னு அதே குரல்ல சொல்லுச்சு. அது சரியாத்தான் சொல்லுச்சு.

இல்ல, இருங்க, இன்னும் முடியல. இது கேலமுக்குத் தெரியாது.

ஷட்டரு தரைக்கு வரல. ஒரு சாண் இருக்கும்போது வெளிய ஒயரு வெந்துபோச்சோ என்னவோ, லைட்டெல்லாம் அணைஞ்சு டப்பாவும் செத்துருச்சு. அப்படியே நின்னுருச்சு. அந்தச் சந்துல புகையும் தணலும் கொட்டுது. கரன்ட் இல்லாதப்ப கையால சுத்த ஒரு பிடி இருக்கு, கதவுக்குப் பக்கத்துலயே, உள்பக்கம். அதுக்கு யாரு உத்தரவும் கிடையாது, சுத்தறவங்க சுத்தற பக்கம் போகும். ஏத்தவும் சுத்தலாம், இறக்கவும் சுத்தலாம்.

அவரு பூட்ஸு அங்கதான் இருந்துச்சு. டில்லிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு.

இறக்குனேன் தம்பி. மிச்சத்த நான்தான் இறக்குனேன். பிடி சுத்தும்போது கிரீச்சுன்னு சத்தம் வரும், எண்ணெய் போடுங்கன்னு எத்தனையோ தடவ அவருகிட்ட சொல்லியிருக்கேன். அவருக்குக் கேக்காம இருக்காது. தட்டல. ஒரு தடவகூடக் கதவத் தட்டல.

அதனால அந்த ரெனி மேல நீங்க எதுவும் எழுத வேண்டாம். கேலம்கிட்ட நீங்க சொல்றீங்களா, இல்ல நானே சொல்லிக்கட்டுமா?