அரைப் பேர்

மழை வருவதற்கு முன்னால் என் வலது முழங்கை வலிக்கும். இன்று காலையும் வலித்தது. ஹந்தானை மலையில் மேகம் இறங்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

திலக்ஷனைப் பற்றிக் கேட்டீர்கள் ஐயா. அவனும் நானும் ஒரே தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். அவன் ஐந்து வயது இளையவன். எங்கள் பேஸ்போல் அணிக்கு முதலில் பந்து எறிந்தவன் நான். முழங்கை பழுதாகி எறிய முடியாமல் போனபின் அணியின் உடற்பயிற்சியைப் பார்த்துக்கொண்டேன். என் இடத்துக்கு அவன் வந்தான்.

நான் எறிந்த அதிக வேகம் மணிக்கு நூற்று முப்பத்தொரு கிலோமீட்டர். அதற்காக நான்கு வருடம் கம்பளைக் கடைவீதியில் பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, மாலையில் இரும்பு தூக்கினேன். அவன் வந்த முதல் வாரமே நூற்று முப்பத்து மூன்று எறிந்தான். வேகம் அளக்கும் கருவியை எட்டிப் பார்த்து, "மிசின் பழுதாண்ணே?" என்றான். அடக்கம் உள்ளவன்போல் நடிக்கவில்லை; உண்மையாகவே கேட்டான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஊசியை நான்தான் போட்டேன். வாரம் இரண்டு. விட்டமின் என்றேன். தோள் பருத்தது, வேகம் ஏறியது, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆறாவது வாரம் வந்து நின்றான்.

"அண்ணே, முழங்க உள்ளுக்கு சுடுதுண்ணே. இன்னைக்கு நாப்பது பந்தோட நிப்பாட்டிக்கிறேன்."

"சரி. அரைப் பேர் போட்டுக்கிறேன், போ."

"கணக்கப்புள்ளய விட மோசம் நீங்க," என்று சிரித்தான். அன்றைக்கு எறிய வேண்டிய எண்பது பந்தையும் எறிந்தான்.

தோட்டத்தில் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை போடுவது அரைப் பேர்தான். பாதி நாள் சம்பளம். அதற்குப் பயந்து காய்ச்சலோடு மலை ஏறிய தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க எங்களால் முடியாது. தெரிந்துதான் சொன்னேன்.

அந்த மருந்தில் தசை சீக்கிரம் வளரும். மூட்டு எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார் அப்படி வளராது. பலம் கூடிய கை தன் நாரைத் தானே அறுத்துவிடும். இதை, என் கை போனபோதே, பேராதனையில் ஒரு டாக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆமாம் ஐயா, அதே மருந்தைத்தான் நானும் போட்டிருந்தேன்.

எட்டாவது வாரம், போட்டியின் நடுவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவன் நான். சிறுநீர்ப் பரிசோதனையில் அந்தத் தடைசெய்யப்பட்ட மருந்தும் பிடிபட்டது. நான்கு வருடத் தடை. தடை இல்லாவிட்டாலும் அவனால் இனி ஒரு வாளி தூக்க முடியாது.

வார்டுக்குப் போனேன். "ஒங்க ஒழைப்ப வீணாக்கிட்டேண்ணே. என் கை சொத்தக் கை," என்றான். நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

மருந்து, திகதி, ஊசி போட்ட இடம், எல்லாவற்றையும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவனுக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது: "ஒன் கை என் கையவிட நல்ல கைடா" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நேற்றும் போயிருந்தேன். சொல்லவில்லை.