நான்காவது ஆய்வின் சிதறல்

இந்த அறையில் ஏர்கான் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எனக்குப் பரவாயில்லை. சிங்கப்பூரில் அலுவலக வேலை பார்க்கிறவள் கைப்பையில் ஒரு சுவெட்டர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். விசாரணையில் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அனுப்ரியா மேலும்கூட இல்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள். குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பல இடங்களில் தனித்தனியாக ஆய்வு செய்வார்கள். அவற்றைச் சேர்த்து ஒரே முடிவாகச் சொல்வது என் பொறுப்பு. இந்த முறை, பேச்சு தாமதமாகும் பிள்ளைகளுக்கான ஒரு சொட்டு மருந்து. மொத்தம் நான்கு ஆய்வுகள். மூன்றில் எல்லா விவரமும் இருந்தது. நான்காவதுதான் பெரியது, அதில் சராசரி மட்டும் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறியிருந்தார்கள் என்ற எண் இல்லை. அது இல்லாமல் நான்கையும் சேர்க்க முடியாது.

இது அடிக்கடி நடப்பதுதான். ஆய்வு செய்தவருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், மற்ற மூன்றின் சிதறலைப் பார்த்து, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று ஓர் எண்ணை மதிப்பிட்டுப் போடலாம். போட்டதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். நானும் எழுதினேன், இரண்டு முறை. பதில் வரவில்லை. போட்டேன், சொன்னேன்.

அனுப்ரியா என் குழுவில் எனக்கு அடுத்த ஆள். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பெண். ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இந்த நாலாவது ஸ்டடி மட்டும் ரொம்ப நீட்டா இருக்குலா. நம்ம போட்ட நம்பரைக் கொஞ்சம் பெருசாக்கிப் பார்த்தா, மருந்து வேலை செய்யுதுங்குற முடிவே மாறிடுது."

"நம்பரை மாத்திக்கிட்டே இருந்தா எந்த முடிவுதான் நிக்கும்மா," என்றேன்.

சிரித்தாள். போகும்போது என் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் ஒரு கண். பேன்ட்ரியில் காபி கலக்கும்போது அவள் யாரிடமாவது குரலைத் தாழ்த்தினால் என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். அவள் பெரும்பாலும் தன் பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஹனீபாவைப் பற்றிக் கேட்கப்போகிறீர்கள், தெரியும். நான்காவது ஆய்வை நடத்தியவர் அவர்தான். இந்த அறிக்கை வேலை தொடங்கிய புதிதில், மார்சிலிங்கில் ஒரு கல்யாண விருந்தில் அவரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பிரியாணி நன்றாக இருந்தது. பேச்சை எடுத்தது அவர்தான்.

"என் பேப்பரையும் சேர்க்கிறீங்களாமே மேடம். சராசரியை மட்டும் நம்பிடாதீங்க. பாதிப் பிள்ளைங்க மளமளன்னு பேச ஆரம்பிச்சுடுச்சு. மத்ததுல சிலது பேசிக்கிட்டிருந்ததையும் விட்டுடுச்சு. முழு நம்பரும் என்கிட்ட இருக்கு. பேப்பர்ல போட்ட இமெயிலை நான் இப்ப பாக்குறதே இல்ல, ஹெண்ட்ஃபோனுக்கு ஒரு மெசேஜ் போடுங்க."

அவர் எண்ணை வாங்கிப் பதிந்துகொண்டேன். ஆனால் விதி என்ன சொல்கிறது? கட்டுரையில் அச்சான முகவரிக்கு எழுத வேண்டும் என்கிறது. நான் அதற்குத்தான் எழுதினேன், இரண்டு முறையும். கல்யாண வீட்டில் சோற்றுக்கு நடுவே ஒருவர் சொல்வதெல்லாம் தரவு ஆகாது. இருபது வருஷமாக அடுத்தவர் பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போட்டார்கள். இந்த அறிக்கையில்தான் முதல் பெயர் என்னுடையது. அதைப் பாயாசம் வருவதற்குள் கேட்ட ஒரு பேச்சுக்காகக் கைவிடச் சொல்கிறீர்களா?

அறிக்கை வெளிவந்தது. மருந்தும் கடைக்கு வந்தது. ஒருநாள் மதியம் தேக்காவில் சாப்பிடும்போது அனுப்ரியா தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. அவள் மகன் ரித்திக்குக்கு ஒன்றரை வயது. பால், பஸ், ம்மா என்று ஒருசில வார்த்தைதான் வரும். மாமியார் தினமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"கிளினிக்ல நம்ம ரிப்போர்ட்டைத்தான் காட்டுறாங்க அக்கா. ரித்திக்குக்குக் கொடுக்கலாமா? ரிப்போர்ட் எழுதினவங்கள கேக்கல. எங்க அக்காவா சொல்லுங்க."

"கொடும்மா," என்றேன்.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவள் ஏன் என்று கேட்டால் லேசில் விடுகிறவள் இல்லை. அதோடு, அவன் நன்றாகப் பேசும் பாதியில் இருப்பதற்கும் வாய்ப்பு இருந்தது.

சில வாரம் கழித்து ஈசூனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் நின்றால் கீழே பேருந்து போவது தெரியும். முன்பெல்லாம் ரித்திக் கையை நீட்டி பஸ் என்று கத்துவான்.

"பெரியம்மாவுக்கு பஸ் சொல்லிக் காட்டுடா. பஸ் எங்க? பஸ்?"

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. அவள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். கடைசித் தடவை அவள் குரல் உடைந்தது.

"ம்மான்னுகூட இப்ப கூப்பிடமாட்டேங்குறான் அக்கா. மருந்தை நிறுத்திடவா?"

மேசைமேல் இரண்டாவது பாட்டில், அப்போதுதான் பிரித்திருந்தாள்.

"பாதியில நிறுத்தாதம்மா," என்றேன். நிறுத்தி, அவன் மறுபடி பேச ஆரம்பித்திருந்தால் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஹனீபா ஒரு கருத்தரங்குக்கு வந்தார். அனுப்ரியா நேராக அவரிடமே போய், ஏன் பதில் போடவில்லை என்று கேட்டுவிட்டாள். "மேடம்கிட்ட கல்யாணத்துலயே சொன்னேனேம்மா" என்றிருக்கிறார் அந்த மனிதர். அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கத்தவில்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"முறைப்படி தெரியாது," என்றேன்.

நீங்கள் முறையைக் கேட்கவில்லை என்பது புரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த முகவரிக்கு எழுதினேன். தெரிந்துதான் கொடு என்றேன், தெரிந்துதான் நிறுத்தாதே என்றேன். ஆனால் அந்த மருந்தால்தான் ரித்திக்கின் பேச்சு போனது என்று எழுதினீர்களானால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒரே ஒரு பிள்ளையை வைத்து அப்படியெல்லாம் முடிவுக்கு வரக்கூடாது.