தம்பி பேரில் ஒரு கார்டு

"இந்தக் கார்டுப்படி செத்தது நான்தான் மச்சான்."

தெரணியகலையிலிருந்து அவிசாவளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார். அவர் கையில் ஒரு கிளினிக் கார்டு.

"என்னடா ஒளறுற?"

"அண்ணனுக்கு சயரோகம்னு தோட்டத்துக்கே தெரியும். எச்.ஐ.வி.யும் இருந்திருக்கு. அந்த கிளினிக் வேற எடத்துல. வெக்கப்பட்டு அங்க என் பேரையும் போன் நம்பரையும் குடுத்திருக்காரு. கருமாதி முடிஞ்சு அவரு சட்டைய மடிக்கிறப்பதான் கார்டு கெடச்சுச்சு."

"சயரோகம் பாத்த டொக்டருக்குக் கூடவா தெரியாது?"

"எப்படித் தெரியும்? சயரோகத்துக்கு அவரு பேரு, இதுக்கு என் பேரு. ரெண்டு ஆளாயிட்டாரு."

அவர் கார்டைச் சட்டைப்பையில் வைத்தார்.

"நேத்து இந்தக் கிளினிக் நர்ஸ் மிஸ் எனக்குப் போன் பண்ணுனாங்க. 'ஏன் தம்பி மாத்திரைக்கு வரல? இனி சயரோகம் இருந்தாலும் ரெண்டு எடத்துக்கு அலைய வேணாம், அதுக்கும் இங்கயே மருந்து தர்றோம். இருமல் இருக்கா?'ன்னு அவ்வளவு அன்பா கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"செத்துட்டாருன்னு சொல்ல வாய் வரல மச்சான். இருமல் நின்னுருச்சுன்னேன்."