பாட்டில எதுல கழுவுனீக?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் சுகிர்தம் அம்மையார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வணிகப் பெருமக்களே, துணையை இழந்து அமர்ந்திருக்கும் சகோதரி ஜெபஷீலா அவர்களே, முன் வரிசையில் மாலையோடு வந்திருப்பவர்களே, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் பொன்னுராஜ். தேவாரத்தில் அறிவியல் ஆசிரியர்.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். மறைந்த லேப் வைகுண்டராஜ் ரத்தம் பார்த்ததைச் சொன்னார்கள். சர்க்கரை பார்த்ததைச் சொன்னார்கள். ஏழைகளிடம் பரிவாக நடந்ததைச் சொன்னார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அவர் இன்னொன்றையும் பார்த்தாரே! அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? குழந்தையில்லாத வீடுகளின் ஆண்களுக்கு அவர் விந்துப் பரிசோதனை செய்தார். இதோ, ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

1994-இல் அவர் தேனியில் லேப் திறந்தபோது இந்தப் பள்ளத்தாக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது? பிள்ளை இல்லையென்றால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனோம். பெண்ணுக்கு ஸ்கேன், பெண்ணுக்கு ஊசி, பெண்ணுக்கு விரதம். ஆண் வெளியே நின்று பீடி குடித்தான். இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் லேகியக்காரரிடம் போனான். அந்த லாட்ஜின் உரிமையாளர் இன்று பெரிய மாலையாக வாங்கி வந்திருக்கிறார். அவருக்கு நன்றி.

வைகுண்டராஜ் சொன்னது எளிமையானது. பிள்ளையில்லாத ஜோடிகளில் ஏறக்குறைய பாதியில் ஆணிடமும் குறை இருக்கும். அது ஆண்மைக் குறைவு அல்ல, உயிரணுக் குறைவு. இரண்டும் வேறு. பொன்னுக்குவீங்கி வந்ததால் இருக்கலாம். விரையில் நரம்பு புடைத்திருக்கலாம். அடுப்பு வெக்கையில் நாள் முழுவதும் நிற்பதால் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் பலருக்குச் சரிசெய்யலாம், சிலருக்கு முடியாது. முடியாது என்றால் அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

கம்பத்திலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். மருந்து எதுவும் எடுக்கிறீகளா என்று இவர் கேட்டிருக்கிறார். "நான் எங்கங்க எடுக்கேன்? வாரத்துக்கு ரெண்டு தடவ அடிக்கேன்" என்றாராம் அவர். இவர் சிரித்தார். பிறகு, பூச்சிமருந்தும் உயிரணுவைக் கெடுக்கும் என்று சிரிப்பை நிறுத்திவிட்டு, மூக்கில் துணி கட்டுவீர்களா, கையுறை போடுவீர்களா, அடித்து முடித்த உடனே குளிப்பீர்களா என்று அரை மணி நேரம் விசாரித்தார். எந்த டாக்டர் இப்படி விசாரித்தார்? எந்த வேளாண் அதிகாரி விசாரித்தார்?

ஆனால் நான் புகழ்வதற்கு மட்டும் வரவில்லை. இந்த மனிதர் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அவர் இறந்ததால் அது தீர்ந்துவிடவில்லை.

1997. எனக்குத் திருமணமாகி ஏழு வருடம். என் மனைவி அக்கம்மாளை மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். மூவரும் அவளிடம் குறை இல்லை என்றார்கள். என் தாயார் ராக்கம்மாள் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். அதனால்தான் யாருக்கும் தெரியாமல் தேனிக்கு வந்தேன். அப்போது லேப்பில் அதற்கென்று அறை கிடையாது. வீட்டிலிருந்து பாட்டிலில் எடுத்து வரச் சொல்வார்கள். நான் அறிவியல் ஆசிரியன் அல்லவா? மற்றவர்களைப் போல அழுக்குப் பாட்டிலில் கொண்டுபோவேனா? வெந்நீரில் கழுவினேன். பிறகு கிருமிநாசினி ஊற்றி, ஒருமுறைக்கு இருமுறை கழுவிக் கவிழ்த்து வைத்தேன். காலை பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தேன்.

உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கீழே அவர் கையெழுத்து.

அந்தத் தாளை நான் என்ன செய்தேன்? மனைவியிடம் காட்டினேனா? தாயிடம் காட்டினேனா? பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்து என் தாயார், "ஏலே, இவள அவுக ஆத்தா வீட்டுல கொண்டு போயி விட்டுட்டு வா" என்றபோது மறுத்துப் பேசவில்லை. அவள் வீட்டில் இருந்தால் என்றாவது ஒருநாள் அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பும். அந்தப் பயம்தான்.

அவள் ஊர் ஆண்டிபட்டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேவாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "டாக்டரம்மா எங்கிட்ட கொறை இல்லன்னாக. அப்ப யாருகிட்ட?"

பஸ் வந்துவிட்டது என்று சொன்னேன்.

பிறகு விவாகரத்து. நான் மறுமணம் செய்யவில்லை. ஊரில் என்னைத் தியாகி என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு, ஒரு மதிய இடைவேளையில், வைகுண்டராஜ் அவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆசிரியர் அறைக்கு வெளியே வெயிலில் நின்றார். என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்க் கேட்டார்: "சார், மூணு வருசத்துக்கு முன்னாடி பாட்டில் கொண்டாந்தீகளே, அத எதுல கழுவுனீக?"

நான் பெருமையோடு சொன்னேன். வெந்நீர், கிருமிநாசினி, இரண்டு முறை.

அவர் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் எழுதிக் குடுத்தது பொய்யி சார்" என்றார்.

நடந்தது இதுதான். அந்த மாதம் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலில் மருந்து வாடை அடித்திருக்கிறது. இவருக்குச் சந்தேகம் தட்டியது. நல்ல மாதிரி ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் பாட்டிலிலும் ஒன்றைக் கிருமிநாசினியில் கழுவிய பாட்டிலிலும் விட்டுப் பார்த்தார். கழுவிய பாட்டிலில் இருந்தவை சில நிமிடங்களில் செத்துவிட்டன. உடனே பழைய நோட்டுகளை எடுத்தார். உயிருள்ள அணு இல்லை என்று எழுதிக் கொடுத்த நாற்பத்தொரு பேரின் பெயரைக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகக் கிளம்பினார். பாதிப் பேர் கொடுத்தது பொய்ப் பெயர். பொய் ஊர். கிடைத்தவர்கள் பத்தொன்பது பேர். இருவர் அவரை அடிக்க வந்தார்கள். நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்னும்படி பேசினேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னய்யா? ஒரு வார்த்தை!" என்று கத்தினேன்.

நான் கேட்கிறேன்: இந்த மாவட்டத்தில் எத்தனை பெரிய மனிதர்கள் தப்பு செய்திருக்கிறோம்? செய்த தப்பைச் சொல்ல வெயிலில் பஸ் ஏறிப் போனவர் எத்தனை பேர்?

மறுபரிசோதனையில் எனக்கு உயிரணு இருந்தது. குறைவுதான். ஆனால் உயிரோடு இருந்தது. இடது பக்கம் நரம்பு புடைப்பு. மதுரையில் அறுவை சிகிச்சைக்கு அவரே கூட்டிப்போனார். மூன்று மாதம் பொறுங்கள், புதிய அணு உருவாக அவ்வளவு நாளாகும் என்றார். பொறுத்தேன். எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆனது. யாருக்கு? எதற்கு?

அதன் பிறகுதான் லேப்புக்குள்ளேயே தாழ்ப்பாள் போட்ட அந்தச் சின்ன அறையைக் கட்டினார். அசிங்கமான அறை என்று இரண்டு கட்டட உரிமையாளர்கள் காலி செய்யச் சொன்னார்கள். மூன்றாவது இடம் பழனிசெட்டிபட்டியில் கிடைத்தது. அங்கே ஒரே பரிசோதனையை வைத்து யாருக்கும் முடிவு சொன்னதில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்தே தீருவேன் என்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பாட்டிலைத் தொட்டதில்லை. டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்ய அந்தக் கேள்வியைத்தான் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

என்னிடம் அவர் கேட்டது வேறு கேள்வி. "நான் ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டேன் சார். நீக அவுககிட்ட போயிச் சொல்லுங்க." அன்றிலிருந்து ஏழு வருடம். எப்போது பார்த்தாலும், "ஆண்டிபட்டி போனீகளா?" பள்ளிக்கூடத்தில் வேலை என்பேன். தேர்வு என்பேன். அக்கம்மாளோ தறி வேலைக்குப் போகிறாள். சொந்தத் தங்கையின் வளைகாப்பில் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்தார்களாம். அதுவும் எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்பு மதுரை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. முகம் வீங்கியிருந்தது. சகோதரி ஜெபஷீலா அருகில் இருந்தார்.

"தேனி பஸ்ஸுலயா வந்தீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஆண்டிபட்டியில நின்னுச்சா?"

நின்றது என்றேன்.

அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதுதான் என் கோபம், பெரியோர்களே. ஒரு வார்த்தை கேட்காமல் விட்டு என் வாழ்க்கையைக் கெடுத்தவர், தன் தப்பைத் தானே வந்து சொல்லி, நான் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்துவிட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவரைப் போல ஒரு மனிதரை இதுவரை பார்த்ததும் இல்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். சகோதரி ஜெபஷீலா லேப்பை நடத்துவார். ஞாயிறு தோறும் நான் அங்கே வந்து உட்காருவேன். வருகிற ஆண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பேன். என் கதையையும் சொல்வேன். கடைசி வரிசையில் இருப்பவர்களே, நீங்கள் வாருங்கள். உங்கள் மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள்.

ஆனால் அது அடுத்த வாரத்திலிருந்து. இன்று பன்னிரண்டு மணிக்கு மதுரை பஸ். அந்த இயற்பியல் புத்தகம் இந்தப் பையில் இருக்கிறது. இரண்டு பரிசோதனைத் தாள்களும் அதற்குள் இருக்கின்றன. அம்மையார் அவர்களே, நன்றியுரை வரை என்னால் இருக்க முடியாது. ஆண்டிபட்டிக்குத்தான் டிக்கெட் வாங்கப் போகிறேன்.