‘தோலிட்’ என்றாள் கிரிசல்

குளிர்காலத்தில் மை உறைந்துபோகும் என்பதால் மைக்கூட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில், எங்கள் ஊர்த் தேவாலய சபைக்கு நான் எழுத்தர். இங்கிலாந்துப் படை எங்கள் நாட்டைப் பிடித்த பிறகு நீதிபதிகளும் அங்கிருந்தே வந்தார்கள். எங்கள் ஸ்காட்டுப் பேச்சு அவர்கள் காதில் ஏறவில்லை. விசாரணைகளில் நான்தான் சொல்லி விளக்குவேன்.

கிரிசல் முயர் மீனுக்கு உப்புப் போட்டுப் பிழைத்த விதவை. பக்கத்து வீட்டுப் பசு செத்ததும் அவளைச் சூனியக்காரி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தூங்கவிடாமல் வைத்திருந்து விசாரித்தார்கள். வீட்டுக்கு யார் வந்து போவார்கள் என்று நீதிபதி கேட்டார்.

"கறுப்புக் கோட்டு ஆளு ஒருத்தன் வருவான். நான் தோலிட்," என்றாள்.

கறுப்பு உடை ஆள் என்றால் எங்கள் பக்கம் பிசாசுதான். அதை யாரும் விளக்கச் சொல்லவில்லை. அந்த வினைச்சொல்தான் நீதிபதிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

நியாயமாகப் பார்த்தால் அது பல பொருள் உள்ள சொல். பல்வலியைப் பொறுத்துக்கொண்டாலும் தோலிட்தான். வழக்கு மன்றத்தில் விசாரணைக்கு உட்பட்டாலும் தோலிட். அடுத்தவன் மாட்டைத் தன் புல்லில் மேயவிட்டாலும் அதே சொல். அவள் எந்தப் பொருளில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவள் மணிக்கட்டு எப்படிக் கன்றிப்போனது என்பதும் தெரியும்.

"இடம் கொடுத்தேன் என்கிறாள், ஐயா," என்றேன். பிசாசுக்கு இடம் கொடுத்தவளுக்கு ஒரே தண்டனைதான்.

நீதிபதியின் ஆங்கிலம் அவளுக்கு அரைகுறையாகத்தான் புரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சிறைக்குப் போய் நான் சொல்லியிருந்தேன்: "பேரை மட்டும் சொல்லிடாத, கிரிசல். மத்ததை நான் பாத்துக்கறேன்." அவள் சொல்லவில்லை. அந்த வகையில் நாணயமானவள்.

கழுத்தை நெரித்த பிறகுதான் எரித்தார்கள். காற்று கடல் பக்கம் அடித்ததால் புகை ஊருக்குள் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தேன்.

பாதிரியாரே, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்தக் கறுப்புக் கோட்டு என்னுடையது. அவள் கதவைத் தட்டியது நான்தான், பல தடவை. அவள் வேண்டாம் என்று கெஞ்சினாள், நான் விடவில்லை. இதையெல்லாம் மறுக்கவில்லை. அவளைக் கொன்றேன் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த பொருள் தவறென்று காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.