வலைக்கு இருபுறமும்

ஜெர்பில்லை ஒற்றையாக வளர்க்கக் கூடாது, மேடம். பார்க்க எலி மாதிரிதான் இருக்கும். ஆனால் வாலில் முடி உண்டு, நாற்றம் கிடையாது, மணலில் புரண்டே குளித்துக்கொள்ளும். துணை இல்லாவிட்டால்தான் தீனி தொடாமல் மூலையில் சுருண்டுவிடும். என் மகளிடம் இரண்டு இருந்தன. ஒன்று செத்ததும் மற்றது அப்படித்தான் சுருண்டது.

புதிதாக ஒன்று வாங்கி அதனுடன் சேர்த்து விடலாம் என்று போனேன். கடைக்கார அம்மா எச்சரித்தார். "அப்படியே உள்ள விட்டீங்கன்னா கடிச்சே கொன்னுடும். தொட்டிக்கு நடுவுல கம்பி வலை வைங்க. தினமும் ரெண்டையும் இடம் மாத்துங்க. இது படுத்த இடத்துல அது படுக்கணும், அப்பதான் வாசனை பழகும். பத்து நாள் ஆகும். நடுவுல பாவம் பாத்து வலையை எடுத்துடாதீங்க."

கண்ணாடி அறுப்பது என் தொழில். தொட்டியும் நான் செய்ததுதான், வலையும் நானே பொருத்தினேன். பத்தாம் நாள் எடுத்தபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. என் மகள் சிரித்தாள். அவள் அம்மா இறந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மறுமணம் செய்துகொண்டேன். பன்னிரண்டு வயது மகளுக்கும் புது மனைவிக்கும் முதல் வாரத்திலிருந்தே ஆகவில்லை. மகள் ஒரு தடவைகூடச் 'சித்தி' என்று கூப்பிடவில்லை. 'அவங்க'தான். "அவங்க துவைச்ச சட்டை எனக்கு வேண்டாம்ப்பா" என்பாள். என் மனைவியும் லேசுப்பட்டவள் அல்ல. சீப்பு, சோப்பு, துண்டு எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் இருவரிடமும் கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு நாள் தரையில் உட்கார்ந்து அழவும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அஞ்சு மாசம் பொறுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றார், நான் கிளம்பறேன்" என்றாள் மனைவி. ஒரு முறை காலியான வீட்டில் இருந்து பார்த்தவன் நான். இன்னொரு முறை என்னால் முடியாது. பயம்தான், மேடம். அதை மறைக்க விரும்பவில்லை.

மாடியில் பின்பக்கம் இரண்டு அறைகள், இடையில் ஒரு வாசல். அதில் வலை அடித்தேன், எட்டுத் திருகாணி. மகளை ஓர் அறையிலும் மனைவியை மற்றதிலும் விட்டுப் பூட்டினேன். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மனைவியின் போனிலிருந்து, சமாதானமாகிவிட்டோம், வர வேண்டாம் என்று மைத்துனருக்குச் செய்தி அனுப்பினேன்.

தினமும் காலையில் இடம் மாற்றினேன். போர்வை, தலையணையை மாற்றவில்லை. குளிக்கவும் விடவில்லை. குளித்தால் வாசனை போய்விடும். நான் யாரையும் அடிக்கவில்லை. கண்ணாடி அறுக்கும் கத்தி வழக்கம்போல் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர்கள் பார்த்திருக்கலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். நான்கு நாள் வரை இருவரும் என்னைப் பார்த்துத்தான் கத்தினார்கள். பிறகு தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள்.

ஆறாம் நாள் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். "சித்தி, முழிச்சிருக்கீங்களா? பயமா இருக்கு" என்றாள் என் மகள். "இங்கதான்டா இருக்கேன். வலைகிட்ட வந்து படு" என்றாள் மனைவி. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஏழாம் நாள் மகளால் எழுந்து நிற்க முடியவில்லை. நெற்றியைத் தொட்டேன், சுட்டது. ஒரு மாத்திரை கொடுத்தேன். இடம் மாற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

"ஏங்க, பிள்ளைக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் எங்கயும் போகல, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இருவரும் வீட்டைவிட்டு வெளியே போவார்கள். அதன் பிறகு திரும்பி வருவார்களா? எட்டாம் நாள் முழுக்க அவள் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கீழே என் பட்டறைக்குக் கேட்டது. ஜெர்பில்லும் அப்படித்தான், ஆபத்து என்றால் தன் கூட்டத்துக்காகப் பின்னங்காலால் தட்டும். நல்ல அறிகுறி என்று நினைத்தேன். வேலைக்கு வந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். மெருகேற்றும் இயந்திரத்தைப் போட்டுவிட்டேன். மறுநாளும் ஓட விட்டேன்.

பத்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். என் மகள் வலையோரம் கிடந்தாள், உடம்பு குளிர்ந்திருந்தது. வலையின் கீழ்மூலையை மனைவி நகத்தாலேயே பிய்த்திருந்தாள். அந்த ஓட்டை வழியே முழங்கை வரை கையை விட்டு, குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். கை முழுக்க ரத்தம். நான் எட்டுத் திருகாணிகளையும் கழற்றி வலையை எடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பூட்டியது நான். காய்ச்சல் என்று தெரிந்தும் திறக்காமல் இருந்ததும் நான்தான். கோர்ட்டிலும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உடலை வாங்கும்போது படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் என் மனைவி 'தாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதாக நீங்கள்தான் சற்று முன் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு, நான் அவசரப்பட்டு ஒன்பதாம் நாளே திறந்திருக்கலாம் என்று எப்படி மேடம் சொல்வேன்?